நிற்காத குரல்: இடைவிடாத நெம்புட்சு ஒரு சங்கமாக ஆன கதை

1021ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், முதல் நாள். ஜப்பானியத் தலைநகரில் ஒரு பெரியவர் தன் நாட்குறிப்பில் ஓர் எண்ணை எழுதிவைக்கிறார்: 1,10,000. மறுநாள் 1,50,000. அடுத்த இரண்டு நாள்களும் 1,40,000, 1,30,000. ஐந்தாம் நாள் 1,70,000. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய நாட்குறிப்பு அந்த எண்ணோடு முடிந்துவிடுகிறது.

எழுதியவர் ஃபுஜிவாரா நோ மிச்சினாகா. மூன்று மகள்களை மூன்று பேரரசர்களுக்குக் கட்டிக்கொடுத்து, நாட்டையே கைக்குள் வைத்திருந்த மனிதர். அவர் எழுதிய எண்கள் வரிக்கணக்கும் இல்லை, நெல்கணக்கும் இல்லை. ‘நமு அமிதா புட்சு’ என்று அந்தந்த நாளில் எத்தனை முறை சொன்னார் என்பதன் கணக்கு. ஐந்து நாளில் மொத்தம் 7 லட்சம்.

ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 1,70,000 முறை சொல்ல வேண்டுமென்றால் சாப்பிடாமல், தூங்காமல், எச்சில்கூட விழுங்காமல் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சொல்ல வேண்டும். வேகமாகச் சொல்லும்போது வாயில் தேய்ந்து ‘நம்மாந்தாபு’ என்று சுருங்கிவிடும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், தனி ஒருவர் தொண்டைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். அதிலும் அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இடைவிடாத ஜெபம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு நல்ல தொடக்கம். ஏனென்றால் இடைவிடாமல் சொல்ல வேண்டும் என்ற ஆசைக்கும் மனிதத் தொண்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் புத்தர் பெயரை நிற்காமல் சொல்லும் சங்கங்கள் எல்லாம் முளைத்தன.

ஆறெழுத்து

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘நமு’ என்பது நமக்குத் தெரிந்த ‘நமோ’தான். சீனா வழியாகப் போனதில் ஒலி சற்று மாறியிருக்கிறது. ‘அமிதா’ என்பது அளவில்லாதவர். அளவில்லாத ஒளி என்ற பொருளில் அமிதாபர், அளவில்லாத ஆயுள் என்ற பொருளில் அமிதாயுஸ், இரண்டு பெயர்களும் ஒரே புத்தரைக் குறிப்பவை. ‘புட்சு’ என்றால் புத்தர். சீன எழுத்தில் எழுதினால் சரியாக ஆறு எழுத்து வரும். ஜப்பானியர்களே இதை ‘ஆறெழுத்துத் திருநாமம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஐந்தெழுத்தும் எட்டெழுத்தும் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

அமிதாபர் புத்தராவதற்கு முன், ஒரு துறவியாக இருந்தபோது, 48 உறுதிமொழிகள் எடுத்தார் என்கிறது மகாயான மரபு. அதில் பதினெட்டாவதுதான் எல்லோரும் பிடித்துக்கொண்டது: என் நாட்டில் பிறக்க விரும்பி, பத்து முறை என்னை நினைத்தவர்கூட அங்கே பிறக்காமல் போனால் நான் புத்தராக மாட்டேன். அவரோ புத்தராகிவிட்டார். அப்படியானால் வாக்கு பலித்துவிட்டது என்பது இந்த மரபின் வாதம். அந்த நாடு மேற்கே இருக்கிறது, பெயர் சுகாவதி. ஆசை தீர அனுபவிக்கும் சொர்க்கம் என்று அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. தடங்கலில்லாமல் ஞானம் பெற வசதியான இடம், அவ்வளவுதான். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குக் குடிபோவது மாதிரி.

‘நெம்புட்சு’ என்பது இந்தப் பெயரைச் சொல்வதற்கான பொதுப்பெயர். ‘நென்’ என்றால் நினைத்தல், ‘புட்சு’ புத்தர், ஆகப் புத்தரை நினைத்தல். சீன எழுத்தில் ‘நென்’னை எழுதினால் மேலே ‘இப்போது’, கீழே ‘மனம்’ என்று இரண்டு பகுதி இருக்கும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜெபம் என்றதும் ‘எனக்கு இதைக் கொடு’ என்று கேட்பதுதான் நம் நினைவுக்கு வரும். நெம்புட்சுவில் கேட்பதற்கு என்று ஒன்றுமில்லை. நினைப்பை விட்டுவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. ‘எப்போது நிறுத்தலாம்’ என்ற கேள்வி அதனால்தான் இங்கே கொஞ்சம் சிக்கலாகிவிடுகிறது. வேண்டுதலை முடித்துவிட்டு எழுந்து போகலாம். நினைப்பை எங்கே முடிப்பது?

உட்காரக் கூடாத 90 நாள்

இதற்கு வந்த முதல் பதில் மிகக் கடுமையானது. கி.பி. 179இல் லோகக்ஷேமர் என்ற குஷாண நாட்டுத் துறவி சீன மொழியில் ஒரு சூத்திரத்தை மொழிபெயர்த்தார். இடைவிடாமல் ஒரு புத்தரை நினைத்தால் அவர் கண்முன் வந்து நிற்பார் என்பது அதன் சாரம். அதைப் பிடித்துக்கொண்டு 402இல் லூ மலையில் ஹுய்யுவான் என்ற துறவி 123 பேரைக் கூட்டி, அமிதாபர் உருவத்தின் முன் எல்லோரும் சேர்ந்து மேற்கே போவோம் என்று சபதம் எடுக்கவைத்தார். பின்னால் வந்த பல நெம்புட்சுச் சங்கங்கள் தங்கள் வம்சாவளியை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆறாம் நூற்றாண்டில் சீனத்தின் தியெந்தாய் மரபை நிறுவிய ஜிய்யி, அந்தச் சூத்திரத்திலிருந்து ஒரு பயிற்சியை வடித்தெடுத்தார். பெயர் ‘எப்போதும் நடக்கும் சமாதி’. நடுவே அமிதாபர் சிலை, சுற்றிலும் பாதை. பயிற்சி செய்பவர் சிலையை வலம் வந்துகொண்டே இருக்க வேண்டும். 90 நாள் கால் நிற்கக் கூடாது, வாய் பெயரை விடக் கூடாது, மனம் புத்தரை விடக் கூடாது. உட்காரவும் கூடாது, படுக்கவும் கூடாது.

கேட்கும்போது ஏதோ புராணம் மாதிரி இருந்தாலும், கியோத்தோவுக்கு வடகிழக்கே இருக்கும் ஹியெய் மலையில் இதற்கென்றே ஒரு மண்டபம் இன்றும் நிற்கிறது. ‘ஜோகியோ-தோ’, அதாவது எப்போதும் நடக்கும் மண்டபம். இப்போது இருப்பது 1595இல் எழுப்பப்பட்டது. அதற்கு முன் இருந்தவற்றை 1571இல் போர்த்தலைவர் ஓதா நோபுனாகாவின் படை மலையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டது. சதுரமான மர மண்டபம், வெளிச்சம் குறைவு. களைத்துப்போனால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கண் அயர்வதுகூட இரண்டு மணி நேரம் போல, படுக்காமல்தான். உள்ளே இருப்பது ஒரே ஒரு ஆள்.

இது வீரர்களுக்கான பாதை. ஊரில் எத்தனை பேரால் முடியும்? முடிந்தாலும் 91ஆம் நாள் அந்தக் குரல் நின்றுவிடும்.

ஒரு ராகம் கடல் தாண்டுகிறது

ஹியெய் மலையில் என்ரியாகு-ஜி மடத்தை 788இல் தொடங்கியவர் சைச்சோ. அவருடைய சீடர் என்னின் 838இல் சீனாவுக்குக் கப்பலேறினார். 840இல் வூதாய் மலைக்குப் போனார். அங்கே சூலின் என்றொரு மடம், மூங்கில்காட்டு மடம் என்று சொல்லலாம். அதில் ஃபாசாவ் என்ற எட்டாம் நூற்றாண்டுத் துறவி உருவாக்கிய நெம்புட்சு முறை நடந்துகொண்டிருந்தது. ஐந்து விதமான இசைநடையில் பெயரைப் பாடுவது. முதலில் இழுத்து, மெதுவாக, போகப்போக வேகம் பிடித்து, கடைசியில் வெறும் பெயராக அடர்ந்து நிற்கும். நம் பஜனையில் நாமாவளி வேகமெடுப்பதைக் கேட்டவர்களுக்கு அதன் போக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

என்னினுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் திரும்பி வருவது எளிதாக இல்லை. வூசோங் பேரரசர் பௌத்த மடங்களை இடித்துத் துறவிகளைக் காவி களையவைத்த காலம் அது. என்னினும் 845இல் சாதாரண உடையில்தான் தலைநகரை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. 847இல் ஜப்பான் வந்து சேர்ந்தார். 851இல் அந்த வூதாய் மலை முறையைச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

864இல் அவர் இறந்தார். மறு ஆண்டு, அவர் விருப்பப்படி, சீடர் சோஓ முன்னின்று அதை மலையில் நடத்தினார். 865ஆம் ஆண்டை இடைவிடாத நெம்புட்சு, ஜப்பானிய மொழியில் ‘ஃபுதான் நெம்புட்சு’, பிறந்த ஆண்டு என்று சொல்லலாம். எட்டாம் மாதம் பதினோராம் நாள் விடியலில் தொடங்கிப் பதினேழாம் நாள் இரவு வரை, நடுவே பௌர்ணமி வரும்படி ஏழு நாள். இலையுதிர் காலத்துக் குளிர்காற்று, மலையில் நிலா, மண்டபத்துக்குள்ளிருந்து நிற்காத பாட்டு. தலைநகரத்து மக்கள் இதை ‘மலை நெம்புட்சு’ என்றே அழைத்தார்கள். உடல் புத்தரைச் சுற்றுவதால் உடலின் பாவமும், வாய் ஓதுவதால் வாயின் பாவமும், மனம் நினைப்பதால் மனத்தின் பாவமும் போகும் என்று அந்தக் காலத்து விளக்கம்.

இங்கே என்ன மாறியது என்பதைக் கவனியுங்கள். 90 நாள் 7 நாளாகச் சுருங்கியது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம், நடப்பவர் ஒருவர் என்பது போய்ப் பலர் ஆனது. குழுவாகப் பிரிந்து, முறை வைத்துக்கொண்டு, ஒரு குழு ஓய்ந்தால் இன்னொரு குழு தொடர்கிறது. இன்றைய பேச்சில் ஷிப்ட் முறை. ‘இடைவிடாமை’ என்ற குணம் ஒரு மனிதனிடமிருந்து கழன்று மண்டபத்துக்குப் போய்விட்டது. நம்மூர் அகண்ட நாமத்திலும் இதேதான். யாரோ டீ குடிக்கப் போயிருப்பார், நாமம் நிற்காது.

மண்டபத்தில் இந்த வேலைக்கென்றே ‘தோசோ’ என்ற மண்டபத் துறவிகள் இருந்தார்கள். மடத்து ஏணியில் உயர்ந்த படி அல்ல அது. இந்தத் தோசோக்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

கடைசி மூச்சுக்கு யார் பொறுப்பு?

பத்தாம் நூற்றாண்டு ஜப்பானில் சாவு ஒரு பெரிய தீட்டு. பிணத்தைத் தொட்டவர், பிணம் கிடந்த வீட்டில் இருந்தவர் எல்லாம் பல நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். பிழைக்கமாட்டார் என்று தெரிந்த வேலைக்காரர்களை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது சாதாரணமாக நடந்தது. தெருவிலும் ஆற்றங்கரையிலும் பிணங்கள் கிடந்தன. கூயா என்ற நாடோடித் துறவி 938 முதல் தலைநகரத்துச் சந்தைகளில் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்ததும், கிடந்த பிணங்களைத் திரட்டி எரித்ததும் இந்தச் சூழலில்தான். பிற்காலத்தில் செதுக்கிய அவர் சிலை ஒன்று கியோத்தோவின் ரொக்குஹராமிட்சு-ஜியில் இருக்கிறது. வாயிலிருந்து வரிசையாக ஆறு குட்டி அமிதாபர்கள் வெளியே வருவார்கள், ஆறெழுத்துக்கு ஆறு. பார்த்தால் மறக்க முடியாத உருவம்.

இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. சாகும் நொடியில் மனம் எங்கே இருக்கிறதோ அதுதான் அடுத்த பிறவியைத் தீர்மானிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க நெம்புட்சு சொன்னவர் கடைசியில் வலியிலோ பிதற்றலிலோ அதை மறந்துவிட்டால்? நமக்கும் இந்தக் கவலை தெரிந்ததுதான். அப்போதைக்கு இப்போதே சொல்லிவைப்பது நம் பக்கத்து வழி. ஹியெய் மலையில் கண்டுபிடித்த வழி வேறு: அப்போது உனக்குச் சொல்ல முடியாவிட்டால், உன் காதில் நாங்கள் சொல்கிறோம்.

985இல் கென்ஷின் என்ற துறவி, மலையின் வடகோடியில் இருக்கும் யோகாவா பகுதியில் உட்கார்ந்து ‘ஓஜோயோஷு’ என்ற நூலை எழுதி முடித்தார். சுகாவதியில் பிறப்பதற்கு வேண்டிய நூல்கருத்துகளைத் தொகுத்த கையேடு அது. நரக வர்ணனைகளுக்காகத்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அதில் சாகக் கிடப்பவரை எப்படிக் கவனிப்பது என்ற பகுதிதான் நம் கதைக்கு வேண்டியது. புத்தர் தங்கிய சிராவஸ்தியின் ஜேதவன மடத்தில் வடமேற்கு மூலையில் ‘நிலையாமை மண்டபம்’ என்று ஒன்று இருந்ததாம். நோயாளியை அங்கே கொண்டுபோவார்கள். தன் அறையும் தன் பாத்திரமும் கண்ணில் பட்டால் அவற்றின்மேல் பற்று வரும் என்பதுதான் காரணம். உள்ளே ஒரு புத்தர் சிலை, அதன் கையிலிருந்து ஐந்து நிறத்தில் ஒரு துணி நாடா தொங்கும். சாகக் கிடப்பவர் அதன் நுனியைப் பிடித்துக்கொள்வார். இந்தியாவைப் பற்றிச் சீனத் துறவி எழுதியதை ஜப்பானியத் துறவி எடுத்து எழுதுகிறார். ஜேதவனத்தில் உண்மையிலேயே அப்படி நடந்ததோ இல்லையோ, யோகாவாவில் அது நடந்தது.

25 பேர்

986ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம் 23ஆம் நாள். யோகாவாவில் 25 துறவிகள் கூடி ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். சங்கத்தின் பெயர் ‘நிஜுகோ சன்மாய்-யே’, இருபத்தைந்து சமாதிச் சங்கம். உயிர்கள் பிறந்து உழலும் நிலைகளை 25 ஆகப் பிரிப்பது பௌத்தக் கணக்கு. ஒவ்வொன்றிலிருந்தும் விடுவிக்க ஒரு சமாதி என்று 25. ஆட்களும் 25 பேர்.

சமாதி என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மனம் ஒன்றில் குவிந்து நிற்பதற்குப் பெயர் சமாதி. தமிழில் அந்தப் பொருள் பின்னுக்குப் போய், சமாதி என்றாலே கல்லறை என்று ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் ஜப்பானிலும் இதே கதைதான். ‘சன்மாய்’ என்ற சொல் அங்கேயும் சுடுகாட்டையும் இடுகாட்டையும் குறிக்கத் தொடங்கி, மேற்கு ஜப்பானின் பல ஊர்களில் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு நாடுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே வடமொழிச் சொல்லைத் தியானத்திலிருந்து மயானத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கின்றன. இந்த 25 பேரின் விதிகளைப் படித்தால் ஜப்பானியச் சொல்லுக்கு ஏன் அப்படி ஆனது என்பது ஓரளவு புரியும்.

மாதம் ஒருமுறை, பதினைந்தாம் நாள், எல்லோரும் கூட வேண்டும். சந்திரக் கணக்கு என்பதால் அது பௌர்ணமி. பிற்பகலில் தாமரைச் சூத்திரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு. மாலையில் நெம்புட்சு தொடங்கினால் மறுநாள் காலை வரை. இது மலை நெம்புட்சுவின் குட்டி வடிவம். இதுவரை புதிதாக ஒன்றுமில்லை.

புதிது இதற்கடுத்த விதிகளில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். இருவர் இருவராக. ஒருவருக்கு வேலை நெம்புட்சு சொல்லி நோயாளியின் காதில் விழவைப்பது. இன்னொருவருக்கு வேலை தண்ணீர் கொடுப்பது, துடைப்பது, வேண்டியதைப் பார்ப்பது. நோய் முற்றினால் இதற்கென்றே கட்டிய ‘ஓஜோ-இன்’ என்ற மண்டபத்துக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும், அங்கே அமிதாபர் சிலை இருக்கும். இறந்த பிறகு, ‘ஒளி மந்திரம்’ ஓதிய மணலை உடல்மேல் தூவ வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடுகாடு, அங்கே அடக்கம் செய்ய வேண்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்த இடத்தில் கூடி நெம்புட்சு சொல்ல வேண்டும். இந்த விதிகளை 986இல் எட்டாக எழுதினார்கள், 988இல் பன்னிரண்டாக விரித்தார்கள்.

பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று ஊரே ஒதுங்கி நின்ற காலத்தில், நான் செத்தால் நீ தூக்கு, நீ செத்தால் நான் தூக்குகிறேன் என்று 25 பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மந்திரம், சூத்திரம், சுகாவதி எல்லாவற்றையும் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இதுவே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. துறவி என்பவர் வீட்டை விட்டு வந்தவர். கடைசிக் காலத்தில் வாயில் தண்ணீர் விட மகனோ மருமகளோ கிடையாது. அந்த இடத்தைச் சங்கம் எடுத்துக்கொண்டது.

இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. முதலில் போகிறவர் எங்கே பிறந்தார் என்பதை, நல்ல இடமோ கெட்ட இடமோ, இருப்பவர்களின் கனவில் வந்து சொல்லியாக வேண்டும். சொன்னார்களா என்றால், சங்கத்தின் மறைந்தோர் பதிவேட்டில் கனவுகள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. கென்ஷின் 1017இல், 76ஆம் வயதில் மறைந்தார். அவரும் ஒரு கனவில் வந்தாராம். பிறந்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, பிறந்தேன், ஆனால் அடியார்கள் புத்தரைச் சூழ்ந்து நிற்கும்போது நான் வெளிவட்டத்தில் கடைசியாக நிற்கிறேன் என்றாராம். இத்தனை பேருக்குச் சுகாவதிக்கு வழி எழுதிக்கொடுத்தவர், கூட்டத்தின் கடைசி வரிசையில். பதிவேட்டை எழுதியவருக்கு அவர் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது.

சங்கத்துக்குப் பின்னால் இன்னொரு கையும் இருந்தது, யோஷிஷிகே நோ யசுதானே. அரசு எழுத்தர், கவிஞர். 964இல் பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேரும் ஹியெய் துறவிகள் 20 பேரும் சேர்ந்து தொடங்கிய ஒரு கூட்டத்தில் அவரும் இருந்தார். காலையில் தாமரைச் சூத்திரம், மாலையில் நெம்புட்சு, இரவெல்லாம் கவிதை. நல்ல கூட்டம்தான், ஆனால் கவிதையின் கை கொஞ்சம் ஓங்கிவிட்டது போலிருக்கிறது. 986இல் அவர் வேலையை விட்டுத் துறவியானார், எட்டு விதிகளை எழுதினார். அந்த ஆண்டு அரியணையை விட்டிறங்கித் துறவியான காசான் பேரரசரின் பெயரும் சங்கத்தாரின் வரிசையில் சேர்ந்தது. 25 என்ற எண் அதிகநாள் 25 ஆக இருக்கவில்லை.

இப்போது மிச்சினாகாவிடம் திரும்பிப் போகலாம். கென்ஷின் மறைந்து நான்கு ஆண்டுக்குப் பின் அந்த எண்களை எழுதியவர், 1028 தொடக்கத்தில் இறந்தார். தான் கட்டிய ஹோஜோ-ஜி கோயிலில், ஒன்பது அமிதாபர் சிலைகளின் கைகளிலிருந்து வந்த கயிற்றைப் பிடித்தபடி, துறவிகள் சுற்றி நின்று நெம்புட்சு சொல்ல அவர் போனார் என்று அந்தக் காலத்துக் கதையாசிரியர்கள் எழுதுகிறார்கள். யோகாவாவின் 25 பேருக்கு ஒரு சிலையும் ஒரு நாடாவும் போதுமாக இருந்தது. பணக்காரருக்கு ஒன்பது.

மண்டபத்திலிருந்து கீழே இறங்கியவர்கள்

தோசோக்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. அவர்களில் ஒருவர் ரியோனின். குரல் வளம் உள்ளவர், மலையை விட்டு இறங்கி ஓஹாரா கிராமத்தில் போய் உட்கார்ந்தார். 1117இல் அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது என்கிறார்கள். ஒருவர் என்பது எல்லோரும், எல்லோரும் என்பது ஒருவர். ஒருவர் சொல்லும் நெம்புட்சு எல்லோருடையதிலும் கலக்கிறது, எல்லோருடையதும் ஒருவருடையதில் கலக்கிறது. இதற்குப் பெயர் யூசூ நெம்புட்சு, கலந்தோடும் நெம்புட்சு. அவர் ஒரு பெயர்ப் பட்டியலோடு ஊர் ஊராகப் போனார். கையெழுத்துப் போடுபவர் தினமும் இத்தனை முறை சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து முறை சொல்லும் குடியானவருக்கும் மொத்தக் கணக்கில் பங்கு உண்டு. யாரும் மண்டபத்துக்கு வர வேண்டியதில்லை, ஷிப்ட் போட வேண்டியதில்லை. யாரோ எங்கோ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு தோசோ ஷின்ரான். ஒன்பது வயதில் மலையேறி, இருபது ஆண்டு அங்கே இருந்தவர். அவர் மண்டபத் துறவியாக இருந்தார் என்பது நமக்குத் தெரிவதே அவர் மனைவி எஷின்னி மகளுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான். அந்தக் கடிதங்கள் 1921இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. 1201இல் ஷின்ரான் இறங்கிப்போய், நெம்புட்சுவைப் போதித்த ஹோனென் என்ற துறவியிடம் சேர்ந்தார். ஹோனென் நாள்தோறும் 60,000 முறை சொல்பவர். ஆனால் அமிதாபர் சிலையை வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்த ஷின்ரான் போய்ச் சேர்ந்த இடம் வேறு: எண்ணிக்கையால் ஒன்றும் ஆகாது, கடைசி நொடியை எண்ணிப் பயப்படவும் வேண்டாம், நம்பிக்கை பிறந்த அந்த நொடியிலேயே காரியம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் நன்றி. இடைவிடாத நெம்புட்சுவை இதைவிட ஆழமாகக் கேள்வி கேட்டவர் வேறு யாரும் இல்லை. கேட்டவரோ அந்த மண்டபத்திலேயே வளர்ந்த ஆள்.

கேள்வி வந்துவிட்டதால் எண்ணுவது நின்றுவிடவில்லை. ஏழாம் நூற்றாண்டுச் சீனத்தில் தாவ்சுவோ என்ற துறவி, எண்ணத் தெரியாத மக்களுக்குப் பயறைக் கொடுத்து, ஒரு முறை சொன்னால் ஒரு பயறைத் தள்ளச் சொன்னார். ஏழு நாளில் பத்து லட்சம் முறை சொன்னால் பிறப்பு உறுதி என்ற கணக்கும் அவர் வழியாகத்தான் பரவியது. ஏழு நாளில் பத்து லட்சம் என்றால் நாளுக்குச் சுமார் 1,43,000. மிச்சினாகாவின் சராசரி 1,40,000. அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது இந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

1331இல் கியோத்தோவில் கொள்ளைநோய் பரவியபோது, கோ-தாய்கோ பேரரசர் கேட்டுக்கொண்டதால் சியோன்-ஜி கோயிலின் எட்டாவது தலைவர் கூஎன் ஏழு நாள் உட்கார்ந்து பத்து லட்சம் நெம்புட்சு சொன்னார். நோய் தணிந்தது என்று கோயிலுக்கு ‘ஹியாகுமான்பென்’, பத்து லட்சம் தடவை, என்ற பட்டப்பெயர் கிடைத்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய நாற்சந்திக்கு இன்றும் அதுதான் பெயர், பேருந்து நிறுத்தப் பலகையிலும் அதுதான். அங்கே இறங்கும் மாணவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பற்றி யோசித்திருப்பார்கள்?

அந்தக் கோயிலில் 1,080 மணிகள் கோத்த ஒரு பெரிய ஜெபமாலை இருக்கிறது. ஒருவரால் தூக்க முடியாது. வட்டமாக உட்கார்ந்து, தேர் வடம் பிடிப்பதுபோல எல்லோரும் பிடித்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு நெம்புட்சு சொல்லிப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடுவார்கள். பத்துப் பேர் அந்த மாலையை நூறு சுற்றுச் சுற்றினால் 10,80,000 முறை ஆகிவிடும். மிச்சினாகா தனியாகத் தவித்த கணக்கு.

மாதாமாதம் பதினைந்தாம் தேதி அதை எடுத்துச் சுற்றுகிறார்கள். அன்றைக்குக் கோயில் வளாகத்தில் கைவினைச் சந்தையும் கூடும். மண்சாடி, பின்னல் பை, வீட்டில் சுட்ட ரொட்டி எல்லாம் விற்பனைக்கு இருக்கும், கால் வைக்க இடமிருக்காது. உள்ளே மணிகள் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் பெரிதாக ஒரு மணி உண்டு. அது தன் கைக்கு வரும்போது ஒவ்வொருவரும் குனிந்து, அதை நெற்றிவரை உயர்த்தி, பக்கத்துக் கைக்கு விட்டுவிடுகிறார்கள்.